ஒடுகத்தூர் மேடைக்கு 1.2 லட்ச ரூபாய் கிட்டார் செட் தேவையா? வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்



பைக் இஎம்ஐ, போன் இஎம்ஐ கேள்விகளுக்கு நடுவுல இப்போ அடிக்கடி வர்ற கேள்வி இது: "திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஆபீஸ். சனி, ஞாயிறு ஆர்கெஸ்ட்ராவுல லீட் கிட்டார் வாசிக்கிறேன். நல்ல எலெக்ட்ரிக் கிட்டாரும் ஆம்பும் சேர்த்து 1.2 லட்சம் வருது. இஎம்ஐ போட்டு எடுக்கலாமா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். எடுக்காதீங்க. கிட்டார் வாசிக்கிறது வெட்டிச் செலவுன்னு நான் சொல்ல வரல. கிட்டார் உங்க கையில பத்து வருஷம் இருக்கணும்னா அது கடன்ல வரக் கூடாது. அதுவும் சின்ன ஊர் மேடைகள்ல வாசிக்கிறவருக்கு அந்த 1.2 லட்சத்துல பாதிப் பணம் கேக்கிறவங்க காதுக்குப் போய்ச் சேரவே சேராது. ஏன்னு பார்ப்போம்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிறது ஒடுகத்தூர். வேலூர் மாவட்டத்துல, ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கிற பேரூராட்சி. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைன்னா சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும். அங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு கிட்டாரிஸ்ட் இருக்கார். வேலூர்ல மாசச் சம்பள வேலை. வார இறுதியில கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், டிசம்பர்ல சர்ச் நிகழ்ச்சி. ஆம்பூர், மாதனூர், குடியாத்தம்னு எங்க கூப்பிட்டாலும் பைக்ல போயிடுவார். அவர் இப்போ என்னென்ன வெச்சிருக்கார், ஏன் அதை வெச்சிருக்கார்னு பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைச்சிடும்.

உங்க சத்தம் எந்த வழியா போகுது?

பெரிய ஆம்ப் மேல நமக்கு இருக்கிற ஆசை 1960கள்ல இருந்து வந்தது. லண்டன்ல ஜிம் மார்ஷல் தன் கடையில 1962-ல ஆம்ப் செய்ய ஆரம்பிச்சார். சில வருஷத்துல 100 வாட் ஆம்ப் வந்துடுச்சு. அப்போ அது ஆடம்பரம் இல்ல, தேவை. அந்தக் காலத்து மேடைகள்ல மைக் செட்டு பாடகர் குரலுக்குத்தான். கிட்டார் சத்தத்தை ஆம்ப்தான் கடைசி வரிசை வரைக்கும் தள்ளணும். 1965-ல நியூயார்க் ஷியா ஸ்டேடியத்துல பீட்டில்ஸ் வாசிச்சப்போ கூட்டம் 55 ஆயிரத்துக்கும் மேல. பின்னாடி இருந்தது 100 வாட் வாக்ஸ் ஆம்ப். அப்படியும் ரசிகர்கள் போட்ட கூச்சல்ல பாட்டு சரியா கேக்கல.

இப்போ ஒடுகத்தூர் திருவிழா மேடைக்கு வாங்க. சவுண்ட் சர்வீஸ்காரர் ரெண்டு பக்கமும் பெரிய பாக்ஸ் அடுக்கியிருப்பார். கீபோர்டு, பேடு, கிட்டார், பாட்டு எல்லாமே வயர்ல மிக்ஸருக்குப் போகும். அங்க இருந்துதான் ஜனங்களுக்கு. உங்க பக்கத்துல நீங்க வெக்கிற ஆம்ப் சத்தம் உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் மட்டும்தான் கேக்கும். அதுக்கு ஒரு மைக் வெச்சாத்தான் வெளிய போகும். நம்ம ஊர்ல அந்த ஒரு மைக்கைப் பெரும்பாலும் கோரஸ் பாடுறவர் எடுத்துட்டுப் போயிருப்பார்.

எடையையும் பாருங்க. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் ஏறத்தாழ 29 கிலோ. பலர் மேடைக்குன்னு வாங்கற பாஸ் கட்டானா 50 ஆம்ப் கிட்டத்தட்ட 11.6 கிலோ. ஒரு தோள்ல கிட்டார், பைக் பின்சீட்ல ஆம்ப். ஒடுகத்தூர்ல இருந்து மலை ஏறி பீஞ்சமந்தை பக்கம் ஒரு திருவிழான்னா இதை எப்படிக் கொண்டு போவீங்க? ஆட்டோ, வேன்னு செலவு பண்ணா அன்னிக்கு வர்ற பேமெண்ட்ல கை வைக்க வேண்டியதுதான்.

அதனால என் முதல் கருத்து இது: மைக் செட்டோட மேடை ஏறுற கிட்டாரிஸ்டுக்கு ஆம்ப் கடைசிச் செலவா இருக்கணும்.

அவர் செட்டுல இப்போ என்ன இருக்கு?

மெயின் கிட்டார் ஒரு யமஹா பசிஃபிகா 112வி. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. இதுல ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர். இந்தக் கலவைதான் விஷயம். 1954-ல வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி மூணும் சிங்கிள் காயில்னா தொனி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். ஆனா சுத்தி இருக்கிற கரண்ட் இரைச்சலையும் இழுத்துக்கும். கோயில் மேடையைச் சுத்தி என்ன இருக்கு? சீரியல் செட், ட்யூப் லைட், பக்கத்துலயே ஜெனரேட்டர். பாட்டு நிக்கிற இடைவெளியில எல்லாம் "ம்ம்ம்ம்"னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். இந்த இரைச்சலை அடக்கத்தான் 1955-ல கிப்சன் கம்பெனியில சேத் லவர் ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கினார். ரெண்டு காயில் எதிரெதிரா வேலை செஞ்சு இரைச்சலை வெட்டிடும். 112வி-ல டோன் குமிழை இழுத்தா ஹம்பக்கரும் சிங்கிள் காயில் மாதிரி பேசும். ஒரே கிட்டார்ல ரெண்டு வேலை.

ரெண்டாவது, பாஸ் கம்பெனியோட ஜிடி-1 பிராசஸர். எடை 1.3 கிலோ. பேக் ஜிப்புக்குள்ள போயிடும். நாலு ஏஏ பேட்டரியிலயும் ஓடும், ஒரு முழுக் கச்சேரியைத் தாங்கும். ஜெனரேட்டர் மாத்தும்போது கரண்ட் போனாலும் இது அணையாது. திரும்ப ஆன் ஆகி பேட்ச் வர்ற வரைக்கும் பாடகர் உங்களையே பார்த்துக்கிட்டு நிக்க வேண்டாம்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு பிராசஸர் ஏன் முக்கியம்னா, ஒரு ராத்திரியில 25, 30 பாட்டு. 1982-ல வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்து 'இளைய நிலா' கேப்பாங்க. அதுக்கு அக்கூஸ்டிக் மாதிரி சுத்தமான தொனி வேணும். அடுத்தது ரஹ்மான் பாட்டு, கோரஸும் டிலேயும் வேணும். அதுக்கடுத்து அனிருத் பாட்டு, டிஸ்டார்ஷன் வேணும். ஒவ்வொண்ணையும் கால்ல ஒரு தட்டுல மாத்தணும். எவ்வளவு நல்ல ஆம்பா இருந்தாலும் ஒரு ஆம்ப் மட்டும் இதைச் செய்யாது.

இதுல ஒரு தொழில்நுட்ப விஷயத்தைத் தெரிஞ்சுக்குங்க. கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் 5 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் வெளிய விடாது. காதுக்கு அந்தச் சத்தம் உருண்டையா வர்றது அதனாலதான். டிஸ்டார்ஷன் பெடலை நேரா மிக்ஸர்ல குத்தினா அந்த வடிகட்டல் இருக்காது, கொசு ரீங்காரம் மாதிரி அடிக்கும். பிராசஸர்ல இருக்கிற ஆம்ப், ஸ்பீக்கர் மாதிரிகள்தான் அந்த வேலையைச் செய்யும். ஆனா செட்டிங்ல போய் அவுட்புட்டை லைன்னு மாத்தி வெச்சாத்தான். பல பேர் இதைப் பார்க்காமலேயே "இந்த பிராசஸர் சரியில்ல"ன்னு அடுத்த மாடலுக்குப் பணம் கட்டுறாங்க. இந்த ஒரு செட்டிங்கை மாத்த ஒரு பைசா செலவில்லை.

மூணாவது, பேக்கப் கிட்டார், ஒரு பழைய ஸ்க்வையர். ஸ்க்வையர்ங்கிறது ஃபெண்டரோட குறைஞ்ச விலை பிராண்ட். மேடையில கம்பி அறுந்தா மாத்தி ட்யூன் பண்ண நேரம் இருக்காது. அடுத்த கிட்டாரை எடுத்து மாட்டிக்கணும்.

நாலாவது, ஒரு டிஐ பாக்ஸ், ரெண்டு நல்ல கேபிள், ஒரு செட் கம்பி, ஒரு பேக்கட் ஏஏ பேட்டரி. டிஐ பாக்ஸ் இருந்தா மிக்ஸர் 30, 40 மீட்டர் தள்ளி இருந்தாலும் சத்தம் மங்காது. கிரவுண்ட் இரைச்சலையும் அதுலயே வெட்டலாம்.

ஆம்ப் இல்லையான்னு கேட்டா, இருக்கு. வீட்ல. ரோலண்ட் மைக்ரோ கியூப். பிராக்டிஸுக்கு அது போதும்.

ஒரு மேடைக்கு எவ்வளவு செலவு?

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். கீழ வர்ற நம்பர் எல்லாம் ஒரு மாதிரிக் கணக்குக்கு. விலை ஊருக்கு ஊர், பொருளோட நிலைமைக்கு ஏத்தபடி மாறும். உங்க நம்பரைப் போட்டுக்குங்க, கணக்குப் போடற முறையை மட்டும் எடுத்துக்குங்க.

ஒரு கச்சேரிக்கு பேமெண்ட் 2,500 ரூபாய். பெட்ரோல், சாப்பாடு 600 போனா கையில 1,900. வருஷத்துக்கு 30 கச்சேரி.

செட் 1, பணம் சேர்த்து வாங்கறது: பழைய கிட்டார் 20,000, பிராசஸர் 14,000, பேக்கப் கிட்டார் 8,000, சின்ன பிராக்டிஸ் ஆம்ப் 6,000, டிஐ பாக்ஸ், கேபிள், பேக், செட்டப் எல்லாம் சேர்த்து 7,000. மொத்தம் 55,000.

செட் 2, கடன்ல வாங்கறது: 1,20,000 ரூபாய், 16 சதவீத பர்சனல் லோன், 24 மாசம். இஎம்ஐ சுமார் 5,876. கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏறத்தாழ 1,41,000. வட்டி மட்டும் 21,000.

ரெண்டுக்கும் கம்பி, சர்வீஸ்னு வருஷத்துக்கு 4,000 வெச்சுக்குவோம்.

அஞ்சு வருஷம் விடாம வாசிச்சீங்கன்னா மொத்தம் 150 மேடை. செட் 1-ஐ கடைசியில 25,000-க்கு வித்தா நிகரச் செலவு 50,000. ஒரு மேடைக்கு 333 ரூபாய். செட் 2-ஐ 70,000-க்கு வித்தா நிகரச் செலவு 91,000. ஒரு மேடைக்கு 607 ரூபாய். வித்தியாசம் 274. "இவ்வளவுதானா?"ன்னு நீங்க நினைக்கலாம். நியாயம்தான். தொடர்ந்து வாசிக்கிறவருக்கு விலை கூடின கிட்டார் பெரிய பாரம் இல்லை.

ஆனா ஒரே வருஷத்துல நின்னு போச்சுன்னா? டிரான்ஸ்ஃபர், நைட் ஷிஃப்ட், கல்யாணம், குழந்தை, இல்ல ட்ரூப்பே கலைஞ்சு போச்சு. எதுவும் நடக்கலாம். மொத்தம் 30 மேடை.

செட் 1-ஐ 35,000-க்கு வித்தா, 4,000 சர்வீஸோட சேர்த்து நிகரச் செலவு 24,000. ஒரு மேடைக்கு 800. அந்த 30 மேடையில வந்த 57,000 ரூபாய்ல 33,000 உங்க கையில மிஞ்சும்.

செட் 2-ஐ 80,000-க்கு வித்து, கடனை 24 மாசமும் கட்டினா நிகரச் செலவு 65,000. ஒரு மேடைக்கு 2,167. நீங்க வாங்கினது 1,900. அதாவது ஒவ்வொரு கச்சேரிக்கும் கைக்காசு போட்டு வாசிச்சிருக்கீங்க. வருஷக் கடைசியில 8,000 நஷ்டம். கடனை முன்னாடியே அடைச்சா வட்டி கொஞ்சம் குறையும், ஆனா முடிவு மாறாது. சொல்லிக்கிற மாதிரி எதுவும் மிஞ்சாது.

கிட்டார் விலைங்கிறது கடையில ஒட்டியிருக்கிற நம்பர் இல்லை. நீங்க எத்தனை மேடை ஏறப் போறீங்கங்கிறதுதான் அதோட நிஜமான விலை. அது எத்தனைன்னு முதல் வருஷத்துல யாருக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணு மேல 24 மாசக் கையெழுத்து போடாதீங்க.

இஎம்ஐக்கு மார்கழி தெரியாது

சம்பளம் மாசா மாசம் வரும். கச்சேரி அப்படி வராது. தை பொறந்தா கல்யாணம் வரும், பங்குனி, சித்திரை, வைகாசியில திருவிழா குவியும். ஆடியில கல்யாணம் இல்லை, ஆனா அம்மன் கோயில் கூழ் ஊத்தற திருவிழா கை கொடுக்கும். மார்கழியில கல்யாண மேடை காலி, டிசம்பர் சர்ச் நிகழ்ச்சிகள்தான் வழி. ஐப்பசி, கார்த்திகையில மழை வந்தா திறந்தவெளி மேடைக்கு உத்தரவாதம் இல்லை. தேர்தல் தேதி அறிவிச்சுட்டா அனுமதி வாங்கவே நாள் ஆகும்.

"கச்சேரிக் காசுல இஎம்ஐ கட்டிடுவேன்"னு சொல்றவங்க இதைத்தான் மறந்துடறாங்க. ஒரு வருஷத்துல 30 கச்சேரி வந்தாலும் அது மாசத்துக்கு ரெண்டரைன்னு சமமா பிரிஞ்சு வராது. ஒரு மாசம் ஏழு வரும், அடுத்த ரெண்டு மாசம் ஒண்ணுமே வராது. அந்த ரெண்டு மாச இஎம்ஐ உங்க சம்பளத்துல, அதாவது வீட்டு வாடகையில, அம்மா மருந்துச் செலவுல கை வைக்கும்.

இன்னும் பெரிய உதாரணம் நம்ம எல்லாரும் கண்ணால பார்த்தது. 2020 மார்ச் 25-ல இருந்து ஊரடங்கு. திருவிழாவும் இல்லை, ரிசப்ஷனும் இல்லை. மேடையை மட்டும் நம்பியிருந்த கலைஞர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு சொல்லத் தேவையில்லை. அப்போ ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரைக்கும் தவணையைத் தள்ளிப்போட அனுமதி கொடுத்துச்சு. தவணைதான் தள்ளிப் போச்சு, வட்டி நிக்கல. மேடை நின்னாலும் வட்டி ஓடும். கடன்ல வாங்கின கிட்டாருக்கும் ரொக்கத்துல வாங்கின கிட்டாருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

"சார், இது நோ காஸ்ட் இஎம்ஐ சார்"னு ஒரு குரல் வரும். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குத் தெளிவா சொல்லியிருக்கு, பூஜ்ஜிய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு. வட்டி வேற பேர்ல ஒளிஞ்சிருக்கும். பிராசஸிங் கட்டணமா இருக்கலாம், ரொக்கமா வாங்கினா கிடைக்கிற தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காம போறதா இருக்கலாம். கார்டுல போட்டு ஒரு மாசம் முழுசா கட்டலைன்னா? மாசத்துக்கு 3.5 சதவீதம்னா வருஷத்துக்கு 42 சதவீதம். அந்த வட்டியில எந்தக் கிட்டாரும் இனிமையா பேசாது.

அப்போ இருக்கிறதுலயே மலிவானது போதுமா?

போதாது. இங்கதான் நான் "எல்லாத்துலயும் சிக்கனம்" கூட்டத்துல இருந்து விலகறேன்.

இருக்கிறதுலயே மலிவான கிட்டார்ல ட்யூனிங் நிக்காது. மூணாவது பாட்டுல பிச்சு இறங்கிடும். மலை அடிவாரத்துல சாயங்காலம் வெயில்ல ட்யூன் பண்ணி, ராத்திரி குளிர்ல வாசிக்கும்போது இன்னும் மோசம். ரெண்டு கச்சேரியில பிச்சு தப்பினா மூணாவதுக்கு ட்ரூப் ஓனர் வேற ஆளைக் கூப்பிடுவார். 8,000 ரூபாய் மிச்சம் பிடிச்சு வருஷத்துக்கு பத்து மேடையை இழந்தா அது சிக்கனம் இல்லை, நஷ்டம்.

அதனால செலவு பண்ண வேண்டிய இடம் எதுன்னு வரிசைப்படுத்திக்குங்க. முதல்ல ட்யூனிங் நிக்கிற நடுத்தர கிட்டார், அதுக்கு ஒரு நல்ல செட்டப். அடுத்தது நல்ல பிராசஸர். அதுக்கப்புறம் கேபிள், டிஐ, பேக்கப். எல்லாம் முடிஞ்ச பிறகு பணமும் ஆசையும் மிச்சம் இருந்தா ஆம்ப்.

கருவியை இசைக்கு ஏத்தபடி தேர்ந்தெடுக்கணும்ங்கிறதுக்கு நம்ம ஊர்லயே பெரிய உதாரணம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். வழக்கமான மாண்டலின்ல ஜோடி ஜோடியா எட்டு கம்பி இருக்கும். கர்நாடக இசைக்கு அது ஒத்து வராதுன்னு ஒத்தைக் கம்பியா அஞ்சு போட்டு, எலெக்ட்ரிக் மாண்டலின்ல வாசிச்சார். விலை என்னன்னு அவர் யோசிக்கல, கமகம் வருமான்னுதான் பார்த்தார். நம்ம பக்கத்து ராணிப்பேட்டையில பொறந்த கிட்டார் பிரசன்னா, சென்னை ஐஐடியில கப்பல் கட்டும் பொறியியல் படிச்சவர். அப்புறம் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போய் படிச்சு, கர்நாடக இசையைக் கிட்டார்ல உலக மேடைக்குக் கொண்டு போனார். அவர் பெருசா முதலீடு செஞ்சது படிப்புலயும் பயிற்சியிலயும். அந்த முதலீட்டுக்கு யாரும் இஎம்ஐ கேக்கறதில்லை.

பழசு வாங்கும்போது பல்லைப் பாருங்க

ஒடுகத்தூர் சந்தையில ஆடு வாங்க வர்றவர் விலை பேசறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார். பழைய கிட்டாருக்கும் அதே கவனம் வேணும்.

கழுத்தை ஓரத்துல இருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்க, வளைவு, முறுக்கு தெரியும். எல்லா ஃப்ரெட்டுலயும் எல்லாக் கம்பியையும் ஒரு தடவை தட்டுங்க, எங்கயாவது கரகரன்னு அடிச்சா ஃப்ரெட் தேஞ்சிருக்கு. பன்னிரண்டாவது ஃப்ரெட்ல அழுத்தி ட்யூனர்ல பாருங்க, திறந்த கம்பியோட ஸ்வரமே மேல் ஸ்தாயியில வரணும். ஜாக்கை ஆட்டிப் பாருங்க, குமிழ்களைத் திருப்பிப் பாருங்க, கரகரப்பு வந்தா சின்ன வேலைதான், ஆனா விலையைக் குறைச்சுக் கேக்கலாம். பழைய பில் இருந்தா கேட்டு வாங்குங்க. திருட்டுப் பொருள் இல்லைன்னு அது ஒரு ஆறுதல்.

இன்னொண்ணு. "அமெரிக்காவுல இருந்து அண்ணன் கொண்டு வந்த ஆம்ப், பாதி விலை"ன்னு யாராவது சொன்னா பின்பக்கம் பாருங்க. அங்க 120 வோல்ட், இங்க 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம ப்ளக்ல குத்தினா ஆம்ப் புகைஞ்சிடும். அந்த டிரான்ஸ்ஃபார்மரோட விலையையும் எடையையும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

ஆபீஸும் வருமான வரியும்

சம்பளக்காரங்க ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். ஒண்ணு, வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல வெளி வருமானம் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. அனுமதி கேக்கச் சொல்லியிருந்தா மெயில்ல கேட்டு பதிலை எடுத்து வெச்சுக்குங்க.

ரெண்டு, கச்சேரிப் பணமும் வருமானம்தான். ரிட்டர்ன்ல காட்டணும். தொழில் வருமானம் வந்தா ஐடிஆர்-1 செல்லாது, உங்க நிலைமைக்கு ஏத்தபடி ஐடிஆர்-3 அல்லது 4 போடணும். முறையா செலவுக் கணக்கு வெச்சு ஐடிஆர்-3 போட்டா கிட்டார், பிராசஸருக்கு தேய்மானமும் கழிக்க வழி இருக்கு. அதனால பில்லைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை உட்கார்ந்து பேசிடுங்க.

சரி, நான் என்ன பண்ணச் சொல்றேன்?

மாசம் 5,000 ரூபாய் ஆர்டி போடுங்க. 11 மாசத்துல 55,000. அதுவரைக்கும் கையில இருக்கிற கிட்டாரோட மேடை ஏறுங்க, இல்ல வாடகைக்கோ நண்பர்கிட்டயோ வாங்கி வாசிங்க. இந்த 11 மாசம் உங்களுக்கு ஒரு பரீட்சை மாதிரி. எத்தனை மேடை வருது, எந்தத் தொனி தேவைப்படுது, உடம்பு தாங்குதா, திங்கட்கிழமை காலையில ஆபீஸ்ல கண்ணு திறக்குதான்னு எல்லாம் தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் நீங்க வாங்கறது கடைக்காரர் சொன்ன கிட்டாரா இருக்காது. உங்க மேடை கேட்ட கிட்டாரா இருக்கும்.

செட் வாங்கின பிறகு ஒவ்வொரு கச்சேரியிலயும் 500 ரூபாயை எடுத்து தனிக் கணக்குல போடுங்க. அந்தக் கணக்குக்கு "கிட்டார்"னே பேர் வைங்க. 30 மேடைக்கு 15,000. மூணு வருஷத்துல 45,000. பழைய செட்டை 25,000-க்கு வித்தாலும் 70,000 கையில. அப்போ போய் ஆசைப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பாருங்க. ஃபெண்டரே வாங்கினாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஏன்னா அதுக்குப் பணம் கொடுத்தது உங்க சம்பளம் இல்லை, உங்க விரல்.

நான் பார்த்த வரைக்கும் ஒருத்தர் கிட்டாரை விக்கிறது இசை பிடிக்காமப் போனதால இல்லை. தவணை கட்ட முடியாம, வீட்ல பேச்சு கேட்டு, கடைசியில "இந்தக் கிட்டாரால வந்த வினை"ன்னு அதைப் பார்த்தாலே எரிச்சல் வந்த பிறகுதான். நீங்க அந்த இடத்துக்குப் போகக் கூடாது. உங்க கிட்டார் மேல யாருக்கும் பாக்கி இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் சொல்றது.

இந்தக் கணக்குல உங்க நம்பரைப் போட்டா ஒரு மேடைக்கு எவ்வளவு வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. கீபோர்டு, டிரம்ஸ், கேமரா வெச்சு வார இறுதியில சம்பாதிக்கிறவங்களும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. அடுத்த வீடியோவுல பார்ப்போம்.